ஆய்வகமா, பகுதிநேர வேலையா? பி.எஸ்சி. மாணவர்கள் எங்கிருந்து தொடங்குவது

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. படிக்கிறேன், ஆராய்ச்சிக்குப் போக ஆசை, வீட்டிலோ மாதம் கொஞ்சமாவது பணம் தரச் சொல்கிறார்கள், ஆய்வகத்தில் சேரவா, வேலைக்குப் போகவா? இந்தக் கேள்வி வேறு வேறு ஊர்களிலிருந்து ஏறக்குறைய இதே சொற்களில் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்களில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். ஆராய்ச்சி என்றால் என்ன வேலை, யாரிடம் கேட்பது, அதில் சோறு கிடைக்குமா என்று வீட்டில் சொல்ல ஆளில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரி மாணவர்களை மனத்தில் வைத்து நான்கு வழிகளை ஒப்பிடுகிறேன்: சொந்தத் துறையின் ஆய்வகம், பெரிய ஆய்வு நிறுவனங்களின் கோடைக்கால உதவித்தொகை, வெளியே பகுதிநேர வேலை, காசு கட்டிச் சேரும் பயிற்சி. பொறியியல் மாணவர்களுக்கும் பாதியாவது பொருந்தும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு நல்ல தொடக்கம் சொந்தத் துறையின் ஆய்வகம்தான். அதோடு வாரத்தில் சில மணி நேரம் மட்டும் கேட்கிற ஒரு வேலை இருந்தால் போதும். கோடைக்கால உதவித்தொகை அதற்கடுத்த படி. வீட்டு நிலைமை நெருக்கடியாக இருந்தால் இந்த வரிசை மாறும். அதையும் கீழே பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

நேரம், அதன் வடிவம். ஒரு வாரத்துக்கு எழுந்ததிலிருந்து படுக்கும் வரை ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்பது பாதிக் கணக்கு. அது எப்படி மிஞ்சுகிறது என்பது மீதிக் கணக்கு. அரசுக் கல்லூரியில் காலை ஷிப்ட் படிப்பவருக்கு மதியம் முழுதாக மிஞ்சும். ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து போகிறவருக்கு ஒரு மணி, அரை மணி என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். இரண்டும் ஒன்றல்ல.

பணம் எவ்வளவு, எந்தத் தேதியில். மாதம் இரண்டாயிரம் ஒழுங்காக வருவதும், கோடை முடிந்து மொத்தமாக ஒரு தொகை வருவதும் வேறு வேறு. ஹாஸ்டல் மெஸ் கட்டணத்துக்கு இரண்டாவது உதவாது.

வெளியே தெரியாத செலவு. பஸ், பெட்ரோல், சாப்பாடு, முன்பணம். எல்லாவற்றையும் விடப் பெரியது அரியர். ஒரு தாள் போனால் கட்டணத்தோடு முடியாது. முதுகலைச் சேர்க்கையிலும் கோடை விண்ணப்பங்களிலும் மதிப்பெண் பட்டியலைக் கேட்பார்கள்.

உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர் யார். நாளைக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றால் அதை எழுதப்போவது அவர்தான். உங்கள் மதிப்பெண்ணை மட்டும் தெரிந்த ஆசிரியர், ஒழுக்கமான மாணவி, ஆர்வமுள்ளவர் என்று இரண்டு வரி எழுதுவார். கூட நின்று பார்த்தவர், மூன்று முறை தப்பிய சோதனையை நான்காவது முறை நீங்கள் எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுவார். தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

சுலபமாக விலக முடியுமா. பிடிக்கவில்லை என்றால், தேர்வு வந்துவிட்டது என்றால், வெளியே வர என்ன விலை? முன்பணம் போகுமா, சான்றிதழைப் பிடித்து வைப்பார்களா?

## முதல் வழி: சொந்தத் துறையின் ஆய்வகம்

நம் கல்லூரியில் என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று அலட்சியமாக நினைப்பவர்கள் அதிகம். துறைப் பலகையில் இருக்கும் பெயர்களைத் தேடிப் பாருங்கள். பிஎச்.டி. வழிகாட்டிகள் இருப்பார்கள். ஏதாவது ஒரு அறையில் பிஎச்.டி. செய்யும் ஒரு ஸ்காலர் அக்காவோ அண்ணாவோ நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை தரும் 'ஸ்டார் காலேஜ்' நிதி பெற்ற கல்லூரியாக இருந்தால் இளங்கலை மாணவர்கள் தொட்டுப் பழகவென்றே வாங்கிய கருவிகளும் இருக்கும். அந்த நிதியின் நோக்கமே இளங்கலை செய்முறைக் கல்வியை மேம்படுத்துவது. ஆகவே கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

முதல் இரண்டு மாதம் என்ன செய்வீர்கள்? நுண்ணுயிரியல் என்றால் கண்ணாடிப் பொருள்களைக் கழுவி உலர்த்துவது, மீடியா (நுண்ணுயிர் வளர்க்கும் கலவை) எடை போட்டுக் கரைப்பது, ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கிருமிநீக்கியில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்து எடுப்பது, பிளேட் ஊற்றுவது, லேபிள் எழுதுவது. வெறும் தண்ணீரை வைத்துப் பைப்பெட் பழகச் சொல்வார்கள். சலிப்பாகத் தோன்றும். ஆனால் ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்தக் கை ஒழுங்கில்தான் நிற்கிறது. மீடியாவைச் சரியாகத் தயாரிக்கத் தெரியாதவர் செய்யும் சோதனையின் முடிவை யாரும் நம்ப மாட்டார்கள்.

இங்கே நேரத்தின் வடிவம் ரொம்ப முக்கியம். பாக்டீரியாவைப் பிளேட்டில் இழைத்து 37 டிகிரியில் வைத்தால் மறுநாள் வந்து பார்த்தாக வேண்டும். திங்கள் போட்டுவிட்டு வியாழன் வருகிறேன் என்றால் பிளேட் காய்ந்தோ, வேறு கிருமி புகுந்து கன்டாமினேஷன் ஆகியோ கிடக்கும். வேதியியலில் கலவையைப் பிரிக்கும் 'காலம் குரோமட்டோகிராஃபி' (column chromatography) ஓட விட்டால் நடுவில் எழுந்து போக முடியாது, அரை நாள் போய்விடும். உயிர்த்தகவலியல் (உயிரியல் தரவைக் கணினியில் ஆராய்வது), கோட்பாட்டு இயற்பியல், தரவுப் பகுப்பாய்வு இப்படி இல்லை. ஒரு கணினியும் இணையமும் இருந்தால் இரவு ஒன்பது மணிக்கும் வேலை ஓடும். மரபணு, புரத வடிவத் தரவுத்தளங்கள் உலகம் முழுக்க இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. மாலையில் வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்கிற மாணவருக்கு இந்த வகை ஆய்வைத்தான் நான் முதலில் சொல்வேன். விலங்கியல், தாவரவியல் மாணவர்களுக்குக் களப்பணி இருக்கிறது. பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளப் பெரிய செலவு இல்லை, யாருடைய அனுமதியும் வேண்டாம். சொந்த ஊர் ஏரியிலேயே தொடங்கலாம்.

மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. ஆசிரியர்களுக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பே இருக்கும். அதற்கு மேல் தேர்வுப் பணி, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்புக்கான வேலை. அந்த வாரங்களில் உங்களைக் கவனிக்க ஆள் இருக்காது. ஐந்து மணிக்கு லேப் உதவியாளர் பூட்டிவிட்டுப் போய்விடுவார். ரசாயனம் தீர்ந்தால் அடுத்த நிதி வரும் வரை காத்திருக்க வேண்டும். அரசுக் கல்லூரிகளில் உங்களுக்கு அதிகம் சொல்லித்தருபவர் ஒரு கௌரவ விரிவுரையாளராக இருக்கலாம். பிஎச்.டி. முடித்துப் புதிதாக வந்தவர்கள் பலர், கைத்திறனில் கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்கள் பணி நிரந்தரமில்லை. அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். கூடவே துறையின் நிரந்தர ஆசிரியர் ஒருவருக்கும் உங்கள் வேலை தெரியும்படி மாதம் ஒருமுறை ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆய்வு என்ற பெயரில் மாணவர்களைச் சொந்த வேலைக்கு அனுப்புவதும், விடைத்தாள் மொத்தத்தைக் கூட்டச் சொல்வதும் சில இடங்களில் நடக்கிறது. பாத்திரம் கழுவுவது பயிற்சியின் பகுதி. மின் கட்டணம் கட்டப் போவது இல்லை. கட்டுரை வெளியிட ஆளுக்கு இவ்வளவு போடுங்கள் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் ஆய்விதழில் பெயர் வருவது பின்னால் உங்களுக்கே பாரமாகும்.

நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டுப் பட்டத் திட்டத்தில், முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் எடுத்தவர்களுக்கு நான்காம் ஆண்டில் ஆய்வு உண்டு. தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டு முறைதான் தொடர்கிறது. அதனால் கடைசிப் பருவத்து ப்ராஜெக்ட் வரை காத்திருந்தால் ஆய்வகத்தைப் பார்த்த மாதிரியும் இருக்கும், பார்க்காத மாதிரியும் இருக்கும். இரண்டாம் ஆண்டின் தொடக்கம்தான் சரியான நேரம்.

## இரண்டாம் வழி: கோடைக்கால ஆய்வு உதவித்தொகை

இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள், அதாவது பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் இருப்பவை, சேர்ந்து ஒரு கோடைக்கால ஆய்வுத் திட்டம் நடத்துகின்றன. இரண்டு மாதம், நாட்டின் ஏதாவது ஓர் ஆய்வகத்தில், மாத உதவித்தொகையோடு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரு ஜவகர்லால் நேரு மையம், சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், ஐஐடி மெட்ராஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகவும் அழைக்கின்றன. எந்த ஆண்டு படிப்பவர்கள் விண்ணப்பிக்கலாம், தொகை எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்த பிறகே எதையும் நம்புங்கள்.

மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்தும் நியுஸ் (NIUS) திட்டம் இளங்கலை மாணவர்களுக்கென்றே 2004 முதல் இருக்கிறது. அறிவியல் படிக்கும் கிராமத்து மாணவர்கள் பலருக்கு இதன் பெயரே தெரியாமல் இருப்பது எனக்கு ரொம்ப வருத்தம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை பெற்றவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாயில் 20,000 கோடை ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்தில் வந்து அடிப்படை அறிவியல் எடுத்தவர்கள் அதற்குத் தகுதி பெற்றார்கள். இப்போது அழைப்பு உண்டா என்று பாருங்கள், தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

இந்த வழியின் பலம் எல்லாருக்கும் தெரிந்தது. நல்ல கருவிகள், உலகத் தரத்தில் வேலை செய்யும் ஆட்கள், நூலகம், கூடப் படிக்க வெவ்வேறு மாநிலத்துப் பிள்ளைகள். 'நானும் இதைச் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை இரண்டே மாதத்தில் வந்துவிடும். மறைந்திருக்கும் செலவுகளைத்தான் யாரும் சொல்வதில்லை.

பணம் பல இடங்களில் ஆய்வை முடித்து அறிக்கை கொடுத்த பிறகுதான் கைக்கு வரும். முதல் மாத அறை வாடகை, மெஸ் முன்பணம், ரயில் கட்டணம் எல்லாம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். தேர்வுக் கடிதம் வந்த அன்றே இதற்கு ஒரு தொகை புரட்டும் வழியைப் பாருங்கள். விருந்தினர் விடுதியா, மாணவர் விடுதியா, முன்பணம் எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

அடுத்தது நாட்காட்டி. ஏப்ரல் மாதம் செய்முறைத் தேர்வு, மே வரை எழுத்துத் தேர்வு, ஜூனில் கல்லூரி திறந்துவிடும். இரண்டு மாத ஆய்வு எப்படியும் ஒரு பக்கம் இடிக்கும். 75 சதவீத வருகைப் பதிவு இருந்தால்தான் தேர்வு எழுத முடியும் என்பதால் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

விண்ணப்பக் காலம் இன்னும் சிக்கலானது. பெரிய திட்டங்களின் அறிவிப்புகள் முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பரிலேயே தொடங்கிவிடும். சில பிப்ரவரி, மார்ச் வரை போகும். அதே அக்டோபர், நவம்பரில்தான் தீபாவளி சீசனுக்குக் கடைகளில் ஆள் எடுப்பார்கள். அதே நவம்பரில்தான் பருவத் தேர்வு. வேலைக்குப் போகும் மாணவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வாய்ப்பைத் தவற விடுகிறார்கள். திறமைக் குறைவால் இல்லை, அந்த மாதத்தில் மூச்சு விட நேரமில்லாததால். செப்டம்பரிலேயே 'ஏன் எனக்கு இந்த ஆய்வு வேண்டும்' என்று ஒரு பக்கம் எழுதி, ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி முதல் வழியைச் சார்ந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். விண்ணப்பத்துக்கு ஒரு ஆசிரியரின் பரிந்துரை வேண்டும். அது துறை ஆய்வகத்தில் வேலை செய்தவருக்கே வலுவாகக் கிடைக்கும்.

பெரிய நகரத்துக்குப் போகாமலே ஒரு நடு வழியும் உண்டு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம், கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம், திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் என்று ஊர் ஊராக இருக்கின்றன. அந்தப் பக்கத்து மாணவர்கள் வீட்டிலிருந்தே போய் வந்தால் விடுதிச் செலவு மிச்சம். கல்லூரிக் கடிதத்தோடு ப்ராஜெக்ட் மாணவர்களை எடுக்கிறார்களா, கட்டணம் உண்டா என்று நேரில் விசாரியுங்கள்.

## மூன்றாம் வழி: வெளியே பகுதிநேர வேலை

இதைக் கீழாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தங்கையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டும் பத்தொன்பது வயதுப் பையனிடம் போய் ஆராய்ச்சி மனப்பான்மை இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. கேள்வி ஒன்றுதான்: எந்த வேலை படிப்பைக் குறைவாகத் தின்னும்?

அதற்கு முன், உழைக்காமலே உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை வாங்கிவிட்டீர்களா என்று பாருங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். இது தவிர சமூக, வருமான அடிப்படையிலான கல்வி உதவித்தொகைகள். ஆதார் இணைப்பு, வங்கிக் கணக்குப் பிரச்சினை என்று தேங்கிக் கிடப்பதைச் சரிசெய்ய இரண்டு நாள் அலைவது, மாதக்கணக்கில் கடையில் நிற்பதைவிட லாபம்.

ட்யூஷன். அறிவியல் மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் தேர்வு. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும். சொந்தத் தெருவில், மாலை இரண்டு மணி நேரம். போக்குவரத்துச் செலவு இல்லை, உங்கள் அடிப்படையும் உறுதியாகும். ஒரு சிக்கல்: மார்ச்சில் பொதுத்தேர்வு என்று பெற்றோர் கூடுதல் நேரம் கேட்பார்கள், அப்போதுதான் உங்களுக்கும் இன்டர்னல் தேர்வும் ரெக்கார்டு நோட்டும் நெருக்கும். பிள்ளைகளைச் சேர்க்கும்போதே இதைப் பேசிவிடுங்கள்.

கேட்டரிங். முகூர்த்த நாளில் பரிமாறப் போவது. அன்றன்றைக்குக் காசு, சாப்பாடும் உண்டு, மறுவாரம் போகாவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். விலகும் சுதந்திரம் இதில்தான் அதிகம். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு நிற்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் வேலையே இருக்காது.

ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட். மாதச் சம்பளம் உறுதி. ஆனால் தினமும் பல மணி நேரம் நிற்கிற வேலை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. சேரும் முன் அந்தக் கடையில் இருக்கை இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பகுதிநேரம் என்று சேர்த்துவிட்டுச் சீசனில் முழுநேரம் நிறுத்திக்கொள்வார்கள். அடுத்த நாள் முதல் வகுப்பில் தூக்கம்தான் வரும்.

உணவு டெலிவரி. கையில் வரும் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்: வந்த பணம், பெட்ரோல், போன் ரீசார்ஜ், வண்டி சர்வீஸுக்கு ஒதுக்க வேண்டியது, காத்திருந்த மணி நேரம். மிச்சத்தை மொத்த மணி நேரத்தால் வகுத்தால் உண்மைக் கூலி தெரியும். அப்பாவின் வண்டியை ஓட்டுவதானால், டெலிவரி வேலையில் விபத்து நடந்தால் அந்தக் காப்பீடு செல்லுமா என்று முதலில் கேளுங்கள். கூட்டம் அதிகமாகும் இரவு எட்டு முதல் பதினொன்று வரைதான் வருமானம் நன்றாக இருக்கும், அதுதான் நீங்கள் படிக்க வேண்டிய நேரமும்.

பரிசோதனை நிலையங்கள். நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் மாணவர்களுக்கு முகப்பிலோ, பதிவு செய்யும் இடத்திலோ வேலை கிடைக்கும். துறைக்குப் பக்கத்தில் இருப்பதால் நல்லதுதான். தகுதியும் பயிற்சியும் இல்லாமல் ரத்தம் எடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாதிரிகளைத் தொடும் வேலை என்றால் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். முழுதாகப் போட்டு முடிக்க ஆறு மாதம் ஆகும்.

சில கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படித்துக்கொண்டே சம்பாதிக்கும் திட்டம் உண்டு. நூலகம், அலுவலகம், கணினி மையம் ஆகியவற்றில் மணிக்கணக்கில் வேலை. தொகை சிறியது. ஆனால் பயணம் இல்லை, தேர்வு நேரத்தில் விடுவார்கள், பாதுகாப்பும் இருக்கிறது. உங்கள் கல்லூரியில் உண்டா என்று முதல்வர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

டெலிகிராமில் வரும் 'ரேட்டிங் போட்டால் பணம்', முன்பணம் கட்டினால் டேட்டா என்ட்ரி வேலை என்பவை மோசடி. சம்பளம் தருகிறவர் உங்களிடம் முதலில் பணம் கேட்க மாட்டார்.

## நான்காம் வழி: காசு கட்டிச் சேரும் பயிற்சி

ஐந்து நாள் பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு படியெடுக்கும் முறை) பயிற்சி, பதினைந்து நாள் செல் கல்ச்சர் (உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்ப்பது), ஒரு மாத இன்டர்ன்ஷிப், முடிவில் பளபளப்பான சான்றிதழ். கட்டணம் ஆயிரங்களில். ரெடிமேட் ப்ராஜெக்டை விற்கும் இடங்களும் இருக்கின்றன. இவற்றின் முதலாவது வகையில் ஒரு சின்ன நன்மை உண்டு. உங்கள் துறையில் இல்லாத ஒரு நுட்பம் வேண்டும், எதற்கென்று உங்களுக்குத் தெளிவாகத் தெரியும், கருவியில் உங்கள் கையை வைக்க விடுகிறார்கள் என்றால் போகலாம். ஒரு தொகுதிக்கு எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை மாதிரி, சொல்லித்தருபவர் யார் என்று கேளுங்கள். முப்பது பேர் சுற்றி நின்று ஒருவர் செய்வதைப் பார்ப்பது என்றால் யூடியூபில் இலவசமாகவே பார்க்கலாம்.

ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்காதீர்கள். முதுகலை நேர்முகத்தில் 'இந்தக் கன்ட்ரோலை (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் மாதிரியை) ஏன் வைத்தாய்' என்ற ஒரு கேள்வியில் நின்றுவிடுவீர்கள். அதற்குக் கொடுக்கும் காசு வீட்டில் யாரோ வியர்வை சிந்திச் சேர்த்தது.

## ஒரே பார்வையில்

| வழி | பணம் | நேரம் | மறைந்திருக்கும் செலவு | எழுத்தில் கிடைப்பது |
|---|---|---|---|---|
| துறை ஆய்வகம் | இல்லை | வாரம் 6–8 மணி, தொடர்ச்சியாக வேண்டும் | ஆசிரியர் நேரமின்மை, ரசாயனத் தட்டுப்பாடு | வலுவான பரிந்துரை |
| கோடை உதவித்தொகை | உண்டு, பெரும்பாலும் தாமதமாக | இரண்டு மாதம் முழுநேரம் | முன்பணம், வருகைப் பதிவு | அறிக்கை, நிறுவனத்தில் ஒரு தொடர்பு |
| ட்யூஷன், கல்லூரி வேலை | சிறிது, மாதாமாதம் | வாரம் 8–12 மணி | தேர்வு மாத நெருக்கடி | பெரிதாக இல்லை |
| கடை, டெலிவரி | ஓரளவு நல்ல தொகை | வாரம் 25 மணிக்கு மேல் போய்விடும் | உடல் சோர்வு, அரியர், பெட்ரோல் | அனுபவச் சான்று, கேட்டால் |
| கட்டணப் பயிற்சி | நீங்கள் தர வேண்டும் | சில நாள் முதல் ஒரு மாதம் | தங்குமிடம், பயணம் | சான்றிதழ், மதிப்பு குறைவு |

மணிக்கணக்குகள் நான் பார்த்த மாணவர்களை வைத்துப் போட்ட உத்தேசம்.

## யாருக்கு எது

வீட்டில் உங்கள் சம்பளத்தை எதிர்பார்க்கவில்லை, ஊரிலேயே கல்லூரி: துறை ஆய்வகத்தில் இந்தப் பருவமே சேருங்கள், அக்டோபரில் கோடைக்கு விண்ணப்பியுங்கள். வேலை தேட வேண்டாம். இந்த வசதி எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

உங்கள் செலவை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்: ட்யூஷனோ, கல்லூரிக்குள் வேலையோ வாரம் பத்து மணி நேரத்துக்குள். ஆய்வகத்துக்கு இரண்டு மதியங்கள். இது நடக்கிற காரியம், நிறையப் பேர் செய்கிறார்கள்.

குடும்பமே உங்கள் வருமானத்தை நம்பியிருக்கிறது: வேலையைத் தேர்ந்தெடுங்கள், தயக்கம் வேண்டாம். ஆனால் நேரம் உறுதியாகத் தெரிகிற வேலையாகப் பாருங்கள். ஆய்வுக்கு வாரத்தில் ஞாயிறு காலை மட்டும் வைத்து, கணினி வழி வேலையோ களப்பணியோ செய்யுங்கள். கோடை உதவித்தொகையை விட்டுவிடாதீர்கள். சொந்த ஊர்ப் பக்கம் இடம் கிடைத்தால் அந்த இரண்டு மாதச் சம்பளத்துக்கு அது ஓரளவு ஈடாகலாம். வீட்டில் ஆராய்ச்சி சோறு போடுமா என்று கேட்டால், முதுகலை முடித்து நெட் (தேசியத் தகுதி) தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்றவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய் என்று சொல்லுங்கள். அதுவரை நான்கைந்து ஆண்டு ஆகும் என்பதையும், அந்தத் தேர்வு கடினம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கையில் அரியர் இருக்கிறது: முதலில் அதை முடியுங்கள். ஒரு பருவம் எல்லாவற்றையும் தள்ளி வைக்கலாம்.

ஆராய்ச்சி வேண்டுமா என்றே தெரியவில்லை: துறை ஆய்வகத்தில் ஒரு மாதம். பிடிக்கவில்லை என்றால் நன்றி சொல்லி விலகலாம், ஒரு ரூபாய் நஷ்டமில்லை.

## எப்படிக் கேட்பது

ஆசிரியரைப் பார்க்கும் முன் அவருடைய ஒரு ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தையாவது படியுங்கள். புரியாத இரண்டு சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பேச வரவில்லை என்று தயங்க வேண்டாம், தமிழிலேயே கேளுங்கள்: "சார், உங்கள் ஆய்வகத்தில் செவ்வாயும் புதனும் மதியம் 2 முதல் 5 வரை வர முடியும். மூன்று மாதம் தவறாமல் வருகிறேன். எந்த வேலையானாலும் கற்றுக்கொள்கிறேன்." நேரத்தைக் குறிப்பிட்டுச் சொல்வதுதான் இதில் முக்கியம். 'எப்போது வேண்டுமானாலும் வருகிறேன் சார்' என்பதை ஆசிரியர்கள் பலமுறை கேட்டுவிட்டார்கள்.

வெளி நிறுவனத்துக்கு மெயில் என்றால் பத்து வரிக்குள். நீங்கள் யார், அவருடைய எந்த வேலை உங்களை இழுத்தது, என்ன செய்யத் தெரியும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஐம்பது பேருக்கும் அது தெரிந்துவிடும். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். பதிலே வராமல் போவது சாதாரணம், அதை உங்கள் தகுதியோடு முடிச்சுப் போடாதீர்கள்.

சேரும் முன் ஸ்காலர் அக்காவிடமோ அண்ணாவிடமோ தனியாகக் கேட்க வேண்டியவை: எனக்குத் தினமும் சொல்லித்தரப் போவது யார்? ஐந்து மணிக்கு மேல் லேபில் யார் இருப்பார்கள், கடைசி பஸ்ஸுக்கு முன் விடுவார்களா? அமிலம், ஃபார்மலின், சாயங்கள் கையாளக் கையுறையும் புகைபோக்கி மேடையும் இருக்கின்றனவா? தனியாக வேலை செய்யச் சொல்வார்களா? இதற்கு முன் இளங்கலை மாணவர்கள் இருந்திருந்தால் அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? முடிந்தால் அவர்களில் ஒருவரோடு போனில் பேசிவிட்டுச் சேருங்கள்.